நாற்பது விநாடி

வேடர் என்று எழுதினேன்.
போன் அதை வேடம் என்று திருத்தியது.
அழித்தேன். மறுகா எழுதினேன்.
வேடம்.
பக்கத்தில் பவிலக்சன் சிரித்தான்:
"அதுக்கும் தெரிஞ்சிரிக்கி புள்ள,
போன வருசம் நாம போட்டது அதுதானே."

போன வருசம்
வெள்ளை வாகனத்தில் வந்தவர்கள்
வில் ஒன்று இருந்தால் நல்லம் என்றார்கள்.
எங்கள் பக்கம் ஒருவரிடமும் வில் இல்லை.
பாடசாலை யன்னலின் திரைச்சீலைத் தடியை வளைத்து
தங்கூசி நூல் கட்டினோம்.
கணக்கில் விசேட சித்தி எடுத்தவன்
சேட்டைக் கழற்றிவிட்டுப் பற்றைக்குள் நின்று
முசுறு கடிக்கக் கடிக்க
அரை மணித்தியாலம்
இல்லாத மானைக் குறி பார்த்தான்.
கலண்டரில் வந்தது அந்தப் படம்.
செப்டம்பர்.
அவனுடைய அம்மா அதைக் குசினியில் கொழுவவில்லை,
கிழிக்கவும் இல்லை.

இந்த வருசம் நுஸ்லா வந்தாள்,
ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில்,
மடியில் ஐந்து பழைய லப்டொப்,
தோளில் பாம்பு போல் சுருட்டிய வயர்.
ஒன்றில் ழ கழன்று போயிருந்தது.
அதில் எழுதினால்
மழையும் இல்லை, தமிழும் இல்லை
என்று சண்டை பிடித்து மற்றதில் இருந்தோம்.
வில்லைப் பற்றி அவள் கேட்கவில்லை.
"நேத்து ராவு என்ன செஞ்சீங்க?" என்றாள்.

நேற்று இரவு
களப்பில் முழங்கால் தண்ணியில்
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நண்டு பிடித்தோம்.
அதை எடுத்தோம்.
வாயில் போனைக் கவ்வி
அந்த வெளிச்சத்தில் சீனியன் மாமா தேன் வெட்டியதை,
குளவியில்லை தேனீதான் என்று பிறகு அவர் கத்தியதை,
கேசாயினி மட்டி எண்ணி
முப்பத்தேழில் பிழைத்து
முதலில் இருந்து தொடங்கியதை.
நாய் ஒன்று எல்லாக் காட்சியிலும் குறுக்கே போகிறது.
வெட்டிப் பார்த்தோம்.
நாய் இல்லாமல் அது எங்கள் ஊர் மாதிரி இல்லை.

பிறகு சடங்கு.
பந்தலுக்குள் போனோடு இருந்தது நான்தான்.
பறை ஏறியது, புகை ஏறியது,
தெய்வம் வந்தது.
யாரும் என்னைத் தடுக்கவில்லை.
கை தானாக இறங்கி மடிக்குள் போனது.
நிறுத்த மறந்த போன்
என் பாவாடையை எடுத்துக்கொண்டே இருந்தது.
நாற்பது விநாடி, கறுப்பு.

வெட்டுவதா விடுவதா என்று
மூன்று நாள் கதைத்தோம்.
சத்தமாவது இருக்கட்டும்,
ஆட்கள் பார்ப்பார்கள் என்றான் பவிலக்சன்.
கேசாயினி சொன்னாள்:
"எங்கட பந்தலுக்குத்தானே வந்தது.
பார்க்கிற ஆள் பந்தலுக்கு வரட்டும்."
கை உயர்த்தினோம். ஐந்துக்கு இரண்டு.
தோற்றவன்தான் சத்தத்தையும் அணைத்தான்.
நுஸ்லா படத்தை முழுக்கப் பார்த்தாள்,
கறுப்பு வந்ததும்
பற்றரி போயிற்று என்று வயரைத் தேடினாள்.
இல்லை அக்கா, என்றோம்.
அது அவ்வளவு நீளம்.

போட்டிக்கு அனுப்பப் படிவம் நிரப்பினோம்.
இனம் என்ற இடத்தில் தொட்டால்
பட்டியல் ஒன்று கீழே விழுந்தது.
விரலால் தள்ளித் தள்ளி
அடிவரை போனேன்.
மற்றவை.
அமத்தினேன். பக்கத்தில் சின்னக் கட்டம் திறந்தது,
குறிப்பிடவும் என்று.
வேடர் என்று எழுதினேன்.
வேடம், என்றது போன்.
இந்த முறை சொல்லை நெடுநேரம் அமத்திப் பிடித்தேன்,
அகராதியில் சேர்க்கவா என்று கேட்டது.
இவ்வளவு நாளும்
கேட்கத் தெரியாதது போல் இருந்துவிட்டு.

இப்போது பனிச்சங்கேணிப் பாலத்தில் நிற்கிறோம்.
ஊருக்குள் ஒரு கோடுதான் சிக்னல்,
இங்கே மூன்று.
திருகோணமலை பஸ் கோண் அடித்துக்கொண்டு போகிறது.
காற்று என் கையைத் தள்ளுகிறது.
எண்பத்தொன்று, எண்பத்திரண்டு,
எண்பத்து மூன்றில்
டேட்டா முடிந்தது.

பவிலக்சன் கூடையைப் பார்க்கிறான்.
நண்டு இன்னும் உயிரோடு.
ரீலோட் போடும் கடைக்காரரே
நண்டும் எடுப்பார்,
ஆனால் விலை குறைப்பார்.
"நீ போனைப் பிடிச்சிட்டு நில்லு, அசையாத"
என்று ஓடுகிறான்.
நிற்கிறேன்.